ஐந்நூறாம் நம்பர் ரீல்

மெல்பேர்னின் டாண்டினோங்கில் நானும் மகேந்திரராஜாவும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். தூண்டில் சாமான் விற்கும் கடையில் அவருக்கு வேலை. தூண்டில் நூல் சுற்றும் ரீல் வாங்க யார் வந்தாலும் முதலில் கையை நீட்டச் சொல்வார். உள்ளங்கையைப் பார்த்து, தூண்டில் தடியின் நீளத்தைக் கேட்டு, நம்பரைச் சொல்லிவிடுவார். நம்பர் குறையக் குறைய ரீலும் சின்னதாகும். வெள்ளைக்காரக் கிழவர்கள்கூட முதலாளியை விட்டுவிட்டு இவரைத்தான் தேடி வருவார்கள். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசா. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. மனைவி பவளமும் மகன் அனோஜனும் ரொறன்ரோவில், பவளத்தின் அண்ணனோடு இருக்கிறார்கள். இவர் புறப்பட்டபோது பையனுக்கு மூன்று வயது.

ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவார்கள். பேசுவது இவர்தான், பையன் "ம்" என்பான், "ஓகே" என்பான். போன டிசம்பரில் ஒருநாள் அவனாகவே ஒன்று கேட்டான். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க நண்பர்களோடு போகிறானாம், எந்த ரீல் நல்லது என்று. மகன் தகப்பனிடம் கேட்ட முதல் விஷயம் அது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தானே வாங்கி அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். கனடாவில் கிடைக்காத ரீலா என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மெல்பேர்னில் ஏது உறைந்த ஏரி? கடையில் ஒருவருக்கும் விவரம் தெரியாது. இரண்டு வாரம் இணையத்தைக் குடைந்தார். தடி இரண்டடிதான், மீனும் சின்னது, ஆகவே ஐந்நூறு என்று முடிவுகட்டினார். குளிரில் ரீலுக்குள் இருக்கும் கிறீஸ் இறுகும் என்று படித்து, அதைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட்டார். பிறகு ரீலை எங்கள் குசினி ஃபிரீசரில், என் இறாலுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கத்தியது காதில் விழவில்லை. காலையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றே தபாலில் அனுப்பிவிட்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை, அனோஜன் ஏரியிலிருந்தே அழைத்தான். நண்பன் போனைப் பிடித்திருந்தான். இத்தனை வருடமும் முகத்தை மட்டுமே காட்டிய திரையில் அன்றுதான் பையன் முழுதாகத் தெரிந்தான். ஆறடி உயரம், பெரிய கைகள், தடித்த கையுறை. ரீலின் கைப்பிடி அந்த விரல்களுக்குள் அகப்படவே இல்லை. இரண்டு தரம் நழுவியது. குசினியில் இவர் வெறும் கையால் அல்லவா சுற்றிப் பார்த்தார்! ஊரார் கையெல்லாம் பார்த்தவர், மகனின் கையைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் மனதில் இருந்தது மூன்று வயதுக் கை.

பையன் கையுறையைக் கழற்றிவிட்டுச் சுற்றினான். சற்று நேரத்தில் விரல்கள் சிவந்துவிட்டன.

"கிளவுஸைப் போடு தம்பி. அது உனக்குச் சின்னன். அப்பா பிழையா எடுத்துப்போட்டன். மாமாட்டச் சொல்லி ஆயிரம் நம்பர் வாங்கு."

"நோ அப்பா, இட்ஸ் பெர்ஃபெக்ட். பாருங்கோ."

தகப்பன் மனம் நோகக்கூடாதென்று சிரித்துக்கொண்டே சுற்றினான். விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதினான், மறுபடியும் சுற்றினான். இவர் கெஞ்சினார், அதட்டினார். அங்கே காற்று இரைந்தது. போனை வைத்தால் அவன் நிறுத்திவிடுவான் என்று நான் சொன்னேன்.

"வைச்சா, நான் கோவிச்சிட்டன் எண்டு நினைப்பான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஓம் தம்பி," என்றார். "நல்லாச் சுத்துது."