பிளாஸ்டிக்குக்குள் ஒரு காணி உறுதி

சில்வெஸ்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேநீரையும் நின்றபடியேதான் குடிப்பார். ஜெர்மனியின் ஹம் நகரில் கம்பித் தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு வருடம் நின்ற கால்கள். ஓய்வூதியம் வந்தும் அவற்றுக்கு ஓய்வு விளங்கவில்லை. என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். நடை எனக்குக் கேட்கும்.

போன மாசியில் அந்த நடை கூடியது. முல்லைத்தீவுப் பக்கம் அவர் விட்டுவந்த மூன்று ஏக்கரில் அரசு வேறிடத்துக் குடும்பங்களை இருத்திப் பத்திரமும் கொடுத்திருந்தது. இப்போது அதுபற்றி ஊரில் விசாரணை வரப்போகிறது. மொழி உதவிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வழக்கறிஞர் அன்னாவிடம் போனார்.

அன்னா சுற்றி வளைக்கவில்லை. ஒரு நாடு போரில் பிடித்த அந்நிய நிலத்தில் தன் மக்களைக் குடியேற்றுவதை ஜெனீவா உடன்படிக்கை தடுக்கிறது; இங்கே காணியும் குடியேறியவர்களும் ஒரே நாட்டுக்குள், ஆகவே அது பொருந்தாது என்றார்.

"அப்ப சொந்த நாட்டுக்காரன் பிடிச்சால் பிழையில்லையோ? கேளுங்கோ அக்கா!"

கேட்டேன். பிழைதான், ஆனால் காணி தன்னுடையது என்று இவர்தான் காட்டவேண்டுமாம். ஊரில் பதிவேடுகள் போரில் எரிந்துவிட்டன. மிஞ்சியது இவர் கையிலிருந்த அசல் உறுதிப் பத்திரம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஊருக்குப் பறக்கும் மருமகன் லக்ஸன் அதைக் கொண்டுபோக ஏற்பாடு.

சில்வெஸ்டர் உறுதியை மேசையில் வைத்தார். பளபளத்தது.

அகதி விடுதியின் கூரை ஒழுகிய காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஞானஸ்நானப் பத்திரம், தடுப்பூசி அட்டை, சலவை இயந்திரத்தின் உத்தரவாதம், எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடுவார். அன்னா முத்திரையைத் தடவிப் பார்த்தார். இப்படியே போனால் இது அசல் என்று யாரும் ஏற்கமாட்டார்கள் என்றார்.

வியாழன் காலை கீழே வந்தார்.

"உரிக்க ஏலுமோ அக்கா? முதியோர் இல்லத்திலை கிழவர்மாரின்ரை பிளாஸ்டர் உரிச்ச கைதானே?"

"தோல் திரும்ப வளரும். இது வளராது. முதல்லை இருங்கோ."

"இருக்க ஏலாது."

"அப்ப ஹெயார் ட்ரையரைப் பிடியுங்கோ. கை நடுங்கினால் வெளியிலை போங்கோ."

நின்றபடியே பிடித்தார். ஓரத்தை வெட்டி, சூடாக்கி, நூல் நூலாக உரித்தேன். கையொப்பம் தப்பியது. முத்திரையும் தப்பியது. காணியின் எல்லைகளைச் சொல்லும் கடைசி வரி மட்டும் பிளாஸ்டிக்கோடு கழன்றது.

"ஐயோ, வடக்கு எல்லை போச்சுது! அங்கைதானே குடியேறினவையள் வீடு கட்டியிருக்கினம்!"

பிளாஸ்டிக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வரி முழுதாக அதில் ஒட்டியிருந்தது. இரண்டையும் ஒரே உறையில் வைத்தேன்.

"மடிக்காதை," என்று லக்ஸனிடம் சொன்னார் சில்வெஸ்டர். "நனைக்காதை."

"லேமினேட் பண்ணட்டோ மாமா?"

விசாரணை ஆனியில். மேலே நடை நிற்கவில்லை.