ஓரேப்பின் வாசல்படி

“அந்த ஆணி இல்ல. அதுக்குப் பக்கத்துல, தலை போன ஆணி. அதத்தான் அப்பலேருந்து சொல்றேன்.”

ஏணி உச்சியில் நின்றுகொண்டு, ஜன்னலுக்குள் தலையை மட்டும் நுழைத்து, உள்ளே வேலை செய்யும் எங்களை மேய்க்கிறார் இத்வால் பாரி. மீதி உடம்பு வெளியே மழையில் நனைகிறது. எங்கள் வேல்ஸ் கிராமத்தில் பதினோரு வருடம் பூட்டிக் கிடந்த ஓரேப் என்ற கிறிஸ்தவ ஆலயத்தை ஊர்க்காரர்கள் நாங்கள் பழுதுபார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். கூரை அவர் வேய்ந்தது. சுவர் விரிசல் அவர் அடைத்தது. உள்ளே மட்டும் ஒருநாளும் அவர் கால் பட்டதில்லை.

வேல்ஷ் மொழியில் ஏணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சொல்தான்: அஸ்கோல். ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் பாரி என்பதால், எப்போதும் ஏணியும் கையுமாகத் திரியும் இவர் அஸ்கோல் இத்வால். புதிதாகக் குடிவந்தவர்கள் வாத்தியார் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பற்றி அவரிடம் கேட்பார்கள். அவர் மறுப்பதில்லை. “வாய்ப்பாட்ட நல்லா உருப்போடச் சொல்லுங்க” என்று அனுப்பிவைப்பார்.

கூரைக்குப் போடும் கல் ஓடு ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கிண்ணென்றால் கூரைக்கு, பொத்தென்றால் குப்பைக்கு. ஓட்டின் அளவுகளுக்கு இந்தப் பக்கத்தில் சீமாட்டிப் பட்டங்கள்தான் பெயர். ஒருநாள் பஸ்ஸில், “நேத்து ரெண்டு டச்சஸ் தலைகுப்புற விழுந்துட்டாங்க. ஒரு கவுன்டஸுக்கு இடுப்புல விரிசல்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். முன்சீட்டு வெளியூர் அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

உள்ளே வராததற்குக் காரணம் அவருடைய அப்பா. 1959இல் ஓரேப்பின் பாட்டுத் தலைவர், “க்ரிஃப், நீ அரைத் தாளம் முந்திப் பாடுற” என்று சபை நடுவே சொல்லிவிட்டார். க்ரிஃப் பாரி மழையில் வாசலுக்கு வெளியே நின்று, “இனிமே என் வம்சத்துல எவனும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டான்” என்று சபதம் போட்டார். போனவர் எதிர்ச் சாரியில் உள்ள சீயோன் ஆலயத்தில் உட்கார்ந்து, சாகும்வரை அரைத் தாளம் முந்தியே பாடினார். அப்போது இத்வாலுக்கு ஆறு வயது. இன்று எழுபத்தொன்று.

ஊரில் பள்ளி போயிற்று, மதுக்கடை போயிற்று, சீயோனும் இடிந்து போயிற்று. கிழவர்களும் கிழவிகளும் புதன்கிழமை மதியம் சேர்ந்து சாப்பிடுவது இப்போது பஸ் நிழற்குடையில். டிரைவர் ஒவ்வொரு வாரமும் நிறுத்தி, “ஏறலையா?” என்று கேட்பார். செப்டம்பருக்குள் ஓரேப்பைத் திறந்தால் அந்தச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம்; திறக்காவிட்டால் சபை மேலிடத்தில் அதையும் விடுமுறை வீடாக விற்றுவிடுவார்கள். எல்லா வேலையும் முடிந்த நேரத்தில் மேல்மாடத்தைத் தாங்கும் தூண் ஒன்று அடியில் உளுத்திருப்பது தெரிந்தது. அதை மாற்றத் தெரிந்த ஒரே ஆள் ஏணியில் நின்றார்.

“உங்கப்பா செத்து முப்பது வருஷம் ஆச்சு, இத்வால்” என்றாள் எங்கள் குழுச் செயலாளர் நெஸ்டா.

“அவர் செத்தார். அவர் சொன்ன சொல் சாகலையே.”

“அப்போ மிதிக்காம தாண்டி வாயேன்.”

“அது பித்தலாட்டம்.”

“எண்பத்தெட்டு வயசுல மெகன் அத்தை நிழற்குடைல நடுங்கிக்கிட்டு சூப் குடிக்கிறாங்க. உங்கப்பா சொல் அவங்களுக்குப் போர்வை போத்துமா?”

அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று அவர்மேல் எனக்கு நிஜமாகவே கோபம்.

மறுநாள் காலை கடப்பாரையோடு வந்தார். இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி வாசல்படிக் கல்லைப் பெயர்த்து, உருட்டிப் போய் மதிலோரம் சாத்தினார். “பழுது” என்றார். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு படியில்லாத வாசல் வழியாக உள்ளே நடந்து, தூணைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நெஸ்டா சிரிக்கவில்லை. அதற்காக அவளுக்குச் சிலை வைக்கலாம்.

மூன்று நாளில் தூண் நின்றது. சோதிக்க வந்த அதிகாரிக்கு எல்லாம் திருப்தி. போகும்போது குனிந்து பார்த்து, “படி எங்க? வயசானவங்க பள்ளத்துல விழுவாங்க. படி போட்டப்புறம் திறங்க” என்றார்.

புதன்கிழமை காலை. ஊரே தட்டுகளோடு வெளியே நின்றது. கல்லைத் தூக்க நாலு பேர் குனிந்தோம். எப்போதும் வெளியே நின்று வேலை செய்கிற இத்வால், அன்று சுண்ணாம்புக் கலவைச் சட்டியோடு பள்ளத்தில் இறங்கி, உள்பக்கமாக ஏறி மண்டியிட்டார். கலவையைப் பரப்பினார். கல்லை இறக்கினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு தட்டுத் தட்டி எழுந்தார். படி அதன் இடத்தில் இருந்தது; இத்வால் பாரி உள்ளே இருந்தார்.

“யாரும் மிதிக்காதீங்க. கலவை காய மூணு நாளாகும். தாண்டி வாங்க” என்றார், எல்லோருக்குமாக.

பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, படிக்கு மேலாக மெகன் அத்தையை நோக்கி நீட்டினார்.