மம்பட்டி கேட்ட விருந்தாளி

அவள் தன் வலது உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். விரல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாக நான்கு கொப்புளங்கள். ஒன்று உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். அவள் சிரித்தாள். எங்கள் ஊருக்கு வந்த ஐந்து நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சர்ச்சுக்குப் பின்னால், முட்டளவு இருந்த குழியை இரண்டு பேரும் விடியற்காலையில் இடுப்பளவு ஆக்கியிருந்தோம். காலெல்லாம் கரிசல் மண் அப்பிச் செருப்புப் போட்டது போல இருந்தது. அவள் அதைப் பார்த்தும் சிரித்தாள்.

அவளுக்குப் பதினாறு வயது. தாய்லாந்திலிருந்து வந்தவள். பெயர் இருந்தது, ஆனால் நான் கூப்பிட்டதில்லை. அவர்கள் ஊரிலும் வயதில் சின்னவர்களைப் பெயர் சொல்லாமல் தங்கை என்றுதான் கூப்பிடுவார்களாம். அதற்கு ‘நோங்’ என்று சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு ‘அக்கா’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். அவளுக்கும் என்னைப் போலவே அரைகுறை இங்கிலீஷ்தான். மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டோம். யாரிடமும் வாயைத் திறக்காத எனக்கு அது வசதியாகவே இருந்தது.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம், மதுரையில் இருந்த சபை அலுவலகத்தின் மூலம் பதினொரு தாய்லாந்துப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சர் ஒருவரும் ஒன்பது நாள் தங்க வந்தார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் வேறு நாட்டுக்குப் போய், ஒரு கிராமத்துக்கு உடலுழைப்பால் ஏதாவது செய்துவிட்டு, தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் அங்கே காட்டிவிட்டுத் திரும்புவது அவர்கள் வழக்கமாம். எங்கள் ஊரில் அவர்கள் செய்ய வேண்டியிருந்தது, பெண்களுக்கு இரண்டு கழிப்பறை கட்டுவது. செங்கல், சிமெண்ட், குழிக்குள் இறக்கும் சிமெண்ட் வளைய உறைகள் எல்லாம் முன்பே வந்து இறங்கிவிட்டன. ஒன்பது நாளில் முடியாவிட்டால் மிச்சச் சாமான்களை அடுத்த ஊர் வேலைக்கு ஏற்றிவிடுவோம் என்று அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கழிப்பறை எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. எங்கள் தெருப் பெண்கள் ஊருணிக்கரைக்குப் பின்னால் இருந்த சீமைக்கருவேலங்காட்டுக்குத்தான் போக வேண்டும். அதுவும் இருட்டில். பகலில் வயிறு கலக்கினால் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். அந்த வருஷம் என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். மழை பெய்தால் அந்தப் பாதை வழுக்கும். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் கூட்டிப்போவேன். “பிள்ளை பெறுறதுக்குள்ள இந்தக் கக்கூஸு வந்துருமாடி?” என்று தினமும் கேட்பாள். வந்துவிடும் என்று நானும் தினமும் சொன்னேன்.

முதல் நாள் மேளம், மாலை, சால்வை. இரண்டாம் நாள் காலையில் கொத்தனார் கயிறு கட்டிக் குழிக்கு அடையாளம் போட்டார். நோங் முன்னால் வந்து கும்பிட்டுவிட்டு, கையை நீட்டி மம்பட்டியைக் கேட்டாள். நின்றிருந்த பெண்கள் பதறிப்போனார்கள். எங்கள் தெருப் பெரியவள் ஒருத்தி மம்பட்டியைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“ஆத்தாடி, விருந்துக்கு வந்த பிள்ள மம்பட்டியத் தொடவா? அதுவும் கக்கூஸு குழிக்கா? ஊரு நம்மளக் காறித் துப்பாது?”

உபதேசியாரும் அந்தப் பெரியவள் சொன்னதையே ஆமோதித்தார். எங்கள் சிறிய சபையை நடத்தி வந்தவர் அவர். நல்ல மனிதர். அதை நான் இப்போதும் சொல்வேன். இளம் வயதில் ஊர் ஊராக நடந்து ஊழியத்துக்குப் போனபோது பல ஊர்களில் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். அதனால் தன் ஊருக்கு வந்தவர்களுக்கு எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்பது அவருக்கு ஒரு வைராக்கியம். “காலமெல்லாம் நாமதான் அடுத்தவுக காட்டுல மண்ணு சொமந்தோம். நம்மளத் தேடி வந்த பிள்ளைகள நாம மண்ணு சொமக்க வைக்கவா?” என்று கேட்டார். பெரியவள் மம்பட்டியை எங்கள் ஆண்களிடம் கொடுத்தாள்.

அன்று எங்கள் ஆண்கள் முட்டளவுக்குக் குழி தோண்டினார்கள். மறுநாள் நல்ல மழை. மழை பெய்தால் ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். அதனால் ஆணும் பெண்ணும் காட்டுக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்கள் விருந்து சமைக்கப் போய்விட்டார்கள். கொத்தனார் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து பீடி குடித்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “வந்தவுகள விட மாட்டேங்கிறீக. இருக்கிறவுக வர மாட்டேங்கிறீக. மண்ணு என்ன, தானா ஏறி வெளிய வருமா?”

அந்தப் பிள்ளைகளை உபதேசியார் வீடு வீடாகக் கூட்டிப்போனார். ஒரு வீட்டை விட்டாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு மனத்தாங்கல் வந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி, சேவு, கருப்பட்டி மிட்டாய். பிள்ளைகள் செருப்பை வாசலிலேயே வரிசையாக விட்டுவிட்டு, கால்களைப் பக்கவாட்டில் மடித்து, பாதம் எதிரில் இருப்பவர்களுக்கு நேராகத் தெரியாதபடி உட்காருவார்கள். பாதத்தை நீட்டுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. “எம்புட்டு மருவாதியான பிள்ளைக” என்று எங்கள் பெண்கள் நெட்டி முறித்தார்கள். தினமும் மாலையில் ஆடச் சொன்னார்கள். விரல்களைப் பின்னால் வளைத்து மெதுவாக ஆடும் அந்த ஆட்டத்தைப் பார்க்க மல்லாங்கிணற்றிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கடைசி நாளில் ஒரே ஒருமுறை ஆடுவதற்கென்று கொண்டுவந்த பட்டுத் துணி நான்கே நாளில் வேர்வையில் நைந்துபோயிற்று.

நோங் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அம்மா முதலில் பயந்தாள், இந்தப் பிள்ளை என்ன சாப்பிடுமோ என்று. நோங் கையால் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துச் சாப்பிட்டாள். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டாள். கருவாட்டுப் பானையைத் திறந்ததும் ஓடி வந்து மோந்து பார்த்து, தன் ஊர் வாசனை என்பதுபோல நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “இது நம்ம பிள்ளடி. எங்கயோ தப்பிப் போயிப் பெறந்துருக்கு” என்றாள் அம்மா. ஆனால் தினமும் சாப்பிட்டு எழுந்ததும் அவள் பின்வாசலில் நின்று அந்தக் குழி இருக்கும் திசையையே பார்ப்பாள். தட்டைக் கழுவப் போனால் அம்மா பிடுங்கிக்கொள்வாள்.

ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்னால் அவள் என்னைத் தட்டி எழுப்பி, மண் வெட்டுவதுபோலக் கையை ஆட்டிக் காட்டினாள். நான் எப்படித் துணிந்தேன் என்று தெரியவில்லை. அப்பாவின் மம்பட்டியையும் ஒரு இரும்புச் சட்டியையும் எடுத்துக்கொண்டு போனோம். அவளுக்கு மண் வெட்டத் தெரிந்திருந்தது. வயல்காட்டில் வளர்ந்தவள். மம்பட்டியை ஓங்காமல், அதன் கனத்தாலேயே இறக்குவாள். நான் சட்டியில் அள்ளி மேலே கொட்டினேன். ஈரமண் தகட்டில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவள் ஒரு குச்சியால் வழித்து வழித்து வெட்டினாள். அப்போதுதான் அந்தக் கொப்புளங்களைக் காட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் உபதேசியார் வந்துவிட்டார். என்னைத்தான் பார்த்தார்.

“ஏம்மா, ஒனக்கு அறிவிருக்கா? வந்த பிள்ளையக் கூலிக்கு நிப்பாட்டிட்டியே.”

விஷயம் காப்பி கொதிப்பதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. “மகளுக்குக் கக்கூஸு வேணும்னு வெளிநாட்டுப் பிள்ளைய வேல வாங்குறா” என்று அம்மாவின் காதுபடவே பேசினார்கள். அம்மா அழுதாள். மத்தியானத்துக்குள் நோங்கின் பையை உபதேசியார் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாய் வைப்பாள், கும்பிடுவாள், எழுந்துவிடுவாள். கூட வந்திருந்த மதுரைக்கார அண்ணன்தான் அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பவர். அவரிடம் தனியாகக் கேட்டேன். நான் ஒரு ஆணிடம் வலியப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் அவளிடம் பேசிவிட்டு வந்து சொன்னார். “அவுக ஊர்ல நெல்லறுப்புன்னா அக்கம்பக்கத்து ஆளுக எல்லாம் வந்து அறுத்துக் குடுப்பாகளாம். அப்பிடி வாரவுகளைத்தான் விருந்தாளின்னு சொல்லுவாகளாம். அறுத்து முடிச்சிட்டுத்தான் எலையில உக்காரணும். வேல செய்யாம உக்காந்து தின்னுட்டுப் போனா அவுக வீட்டுக்கே கேவலமாம். அதான் தொண்டையில எறங்கலங்குது.”

“நீங்க உபதேசியார்கிட்டச் சொல்லக்கூடாதாண்ணே?”

“சொன்னேம்மா. பிள்ளைக்குச் சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனைக்கிறாரு. ஆடு வெட்டச் சொல்லிட்டாரு.”

ஆடு வெட்டினார்கள். அவள் இன்னும் குறைவாகச் சாப்பிட்டாள். கோழி அடித்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து ஆப்பிள் வாங்கி வந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குள் ஆறவில்லை. அவள் கேட்டது எங்கள் வீட்டு மூலையில் சாத்தியிருந்த ஒரு மம்பட்டி. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தோம்.

ஏழாம் நாள் மாலை அவர்களுடைய டீச்சர் எல்லாரையும் சர்ச்சுக்குள் உட்காரவைத்து, மதுரைக்கார அண்ணன் மூலம் கேட்டார். எங்கள் பிள்ளைகள் வேலை செய்வது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? அவர்கள் ஏதாவது தவறு செய்துவிட்டார்களா? உபதேசியார் எழுந்து கைகூப்பி, “இவுக எங்க பிள்ளைக. பெத்த பிள்ளைகள வெயில்ல விடுவமா?” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் கைதட்டவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, நீங்கள் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

நோங் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா என் தொடையைக் கிள்ளினாள். “சொல்லித் தொலையேன்டி.” எனக்கு வாக்கியம் தயாராக இருந்தது. இவுகளுக்கு வேலை குடுங்க, இல்லன்னா இது முடியாது. அவ்வளவுதான். இரண்டு நாள் முழுதாக மிச்சம் இருந்தது. பன்னிரண்டு பேரும் இறங்கியிருந்தால் உறையை இறக்கிச் சுவரையும் எழுப்பியிருக்கலாம் என்று கொத்தனாரே பிற்பாடு சொன்னார். நான் பாயில் பிரிந்துகிடந்த ஒரு கோரையை இழுத்துக்கொண்டிருந்தேன். முழுக் கோரையும் கையோடு வந்துவிட்டது. அதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் போட்டோக்காரர் வந்தார். படத்துக்கென்று கொத்தனார் அரைகுறையாக அடுக்கிவைத்த மூன்று வரிசைச் செங்கல் மேல் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கல் வைப்பதாகப் படம் எடுத்தார்கள். வழியனுப்பும் கூட்டத்தில் வாலிபப் பெண்கள் சார்பில் நன்றி சொல்ல உபதேசியார் என்னைத்தான் அழைத்தார். என் மேல் கோபம் இல்லை என்று காட்டத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். அவரே எழுதிக் கொடுத்த தாளை அப்படியே வாசித்தேன். ‘கடல் கடந்து வந்து, எங்கள் தாய்மார்களுக்குக் கழிப்பறை கட்டித் தந்த அன்புச் செல்வங்களே’ என்று அதில் இருந்தது. அண்ணன் அதை இங்கிலீஷில் சொன்னார். டீச்சர் அவர்கள் மொழியில் சொன்னார். அது நோங்கின் காதுக்குப் போய்ச் சேர்ந்த கணத்தை நான் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் தன்னை நினைத்துத்தான் வெட்கப்பட்டாள்.

பத்தாம் நாள் காலையில் பொங்கலும் வடையும் வைத்தார்கள். நோங் இலை முன்னால் உட்கார்ந்து, இலையைக் கும்பிட்டு, அப்படியே எழுந்துபோய்ப் பஸ்ஸில் ஏறினாள். “அக்கா” என்று மட்டும் ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் செங்கலையும் உறைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடைமழையில் குழியின் பக்கங்கள் சரிந்து மூடிக்கொண்டன. அதே மழையில் அக்கா முள்ளுக்காட்டுப் பாதையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதற்குப் பாலூட்டக் கட்டுப்போட்ட கையோடு அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு வார்த்தைகூட அவள் என்னைச் சொல்லவில்லை. இன்றைக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கழிப்பறை இருக்கிறது. அது வருவதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆனது. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அத்தனை வருஷம் எங்கள் பெண்கள் அந்தக் காட்டுக்கு நடந்திருக்க வேண்டாம்.

மூன்று நான்கு வருஷம் கழித்து உபதேசியார் காலமானார். சுற்றுவட்டாரச் சபைகளிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவருடைய நல்ல குணங்களைச் சொன்னார்கள். “தாய்லாந்துப் பிள்ளைகள ராசா வீட்டுப் பிள்ளைக மாதிரி வச்சிருந்தாரே!” என்றார் ஒருவர். “இவுக வாசல்ல இருந்து ஒருத்தர்கூடப் பசியோட போனதில்ல” என்றார் இன்னொருவர். ஆமாம், ஆமாம் என்று எல்லாரும் சொன்னார்கள். பெட்டிக்குள் அவர் முகம் மிகவும் களைத்துப்போய்த் தெரிந்தது. நானும் ஆமாம் என்றேன்.

பெட்டியை எடுப்பதற்கு முன்னால் வெளியூர்ப் பெண்கள் நாலைந்து பேர் கூட்டத்திலிருந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒதுங்க எங்கத்தா போகணும்?” என்று காதோடு கேட்டார்கள். ஊருணிக்கரைப் பக்கம் கையைக் காட்டினேன். ஒருத்தி நிறைமாதமாக இருந்தாள். அவளுக்கு மட்டும் துணைக்குப் போனேன்.