தசைக்கு ஆண் பெண் தெரியாது என்றவர்

கோச் தயாளன் இறந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னவள், அவரிடம் என்னோடு பளு தூக்கப் பழகிய செல்வி. "ஹார்ட் அட்டாக் லா. ஜிம்லயே விழுந்துட்டாராம். வருவியா?" வருகிறேன் என்றேன். அழுகை வரவில்லை. அவரைத் தெய்வமாக நினைப்பவர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது அவருடைய ஜிம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. போட்டிக்கு முந்தைய மாதங்களில் வாரம் ஒரு முறை இடுப்பில் ஊசி போட்டார். "விட்டமின்தாம்மா, நம்பு." நம்பினேன். அசைக்கக்கூட முடியாதிருந்த எடை மூன்றே மாதத்தில் தலைக்கு மேலே போனது. பதக்கமும் வாங்கினேன்.

அதற்குள் குரல் கட்டையாகிவிட்டது. சளி என்றுதான் இருந்தேன். தாடையில் முடி அரும்பியதும் பயந்துபோய் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தவர், "யாரும்மா உனக்கு ஆண் ஹார்மோன் போட்டது?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார்: "பொண்ணுங்க தசையிலயும் அந்த ஹார்மோனைப் பிடிச்சுக்கிற இடம் இருக்கு. ஹார்மோன் செல்லுக்குள்ள போயி, புரதத்த கட்டுன்னு சொல்லும். தசையும் கட்டும். ஊசிய நிறுத்தினா தசை இறங்கிடும். ஆனா தடிச்ச குரல் திரும்பாது."

அன்று மாலையே கோச்சிடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. எடைத் தட்டுகளை அடுக்கியபடியே சொன்னார்: "தசைக்கு ஆம்பள பொம்பள தெரியாதும்மா. குடுத்தா எடுத்துக்கும்."

"என் தொண்டைக்குமா தெரியாது?"

"மெடல் வாங்கினப்ப மட்டும் இனிச்சிச்சா?"

அதன்பின் அந்த மாடிப்படி ஏறவில்லை.

துக்க வீட்டில் எல்லாரும் புகழ்ந்தார்கள். பெண்களுக்கு வழி திறந்துவிட்டவர் என்றார் ஒருவர். கோச்சின் மனைவி சரசு அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "உனக்கு என்னம்மா போட்டாரு? அவரும் அதத்தான் போட்டுக்குவாரு. என்கிட்டயும் விட்டமின்னுதான் சொன்னாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். இதயமும் தசைதான் என்று வாய்வரை வந்தது. எந்த டாக்டரும் அந்த ஊசியைக் காரணமாகச் சொல்லவில்லை என்பதால் விழுங்கிக்கொண்டேன். அக்கா அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் கையில் திணித்தார். நிறைய மருந்துக் குப்பிகள். "புதுசா சேர்ந்த ரெண்டு பொண்ணுங்களுக்குன்னு வெச்சிருந்தாரு. கொண்டு போயிடு." மருந்தகத்தில் கொடுத்து அழிக்கச் சொன்னேன். அந்தப் பெண்கள் இருவரையும் தேடிப் பிடித்துப் பேசினேன்.

பளுவை முதுகால் இழுக்காமல் காலால் உந்தித் தூக்கக் கற்றுத் தந்தவர் அவர். இன்றுவரை எனக்கு முதுகுவலி வந்ததில்லை. அதை மறைக்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன். போனில் முன்பின் தெரியாதவர்கள் "அண்ணே" என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் கொடுத்த குரலிலேயே திருத்துகிறேன்: "அண்ணே இல்ல, அக்கா."