மலை உட்கார்ந்த நாட்கள்

“மலை எப்ப எழுந்து நடக்கும்னு தெரியாத ஊர்ல எவன்மா மல்லாட்ட போடுவான்?” என்று அப்பா கேட்டார். நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். நான் உண்டாக்கிய நாள்காட்டியை அவருக்கு அப்போதுதான் படித்துக் காட்டி முடித்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோல் காத்திருந்தார். மறுநாள் அவர் செங்கம் பக்கம் கிணறு வெட்டக் கிளம்பிப் போனார். அந்த வேலைக்குப் போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. அவர் போன பிறகும் நான் மனத்துக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே இருந்தேன்.

பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடை அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இப்போதும் உண்டு. தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும், மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் வரும். பரீட்சை முடிந்ததும் அந்தக் கர்வத்துக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. பகலில் படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு மலைக்கு மேற்கே இருந்தது. காலையில் டவுன் முழுக்க வெயில் ஏறிய பிறகும் எங்கள் தெரு நிழலில் கிடக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் நிற்கும்போதெல்லாம், எங்கள் தெருவில் இன்னும் விடியவே இல்லை என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. அந்த நிழலின் ஓரம் எல்லா நாளும் ஒரே இடத்தில் விழாது. மார்கழியில் ஒரு பக்கம், ஆனியில் வேறு பக்கம். பூமி சாய்ந்து சுற்றுவதால்தான் அப்படி என்று பாடப் புத்தகம் சொன்னது. எனக்கு மலையே நகர்ந்தால் என்ன என்று பட்டது. நாம் எல்லோரும் மலையைச் சுற்றுகிறோம். மலை ஒரு ஊரைச் சுற்றினால்?

அப்படித்தான் என் மனத்தில் அந்த ஊர் வந்தது. அங்கே மலை வருடத்துக்கு ஒருமுறை ஊரைச் சுற்றி வரும். அதன் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் மாதத்தின் பெயர். கிணற்று மாதம், சந்தை மாதம், தறி மாதம் என்று எட்டு மாதங்கள், மாதத்துக்கு நாற்பத்தொரு நாள். நிழல் ஒரு வீட்டு வாசலை விட்டு விலகும்போதுதான் அந்த வீட்டுக்கு நாள் தொடங்கும். அதனால் அந்த ஊரில் யாரும் தாமதமாக வந்தவர்கள் ஆகமாட்டார்கள். ராகு காலம் கிடையாது, எமகண்டம் கிடையாது, ஆகாத மாதம் என்று எதுவும் கிடையாது. எட்டாவது மாதம் முடிந்ததும் மலை களைத்து உட்காரும். எத்தனை நாள் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. அது எழும்வரைக்கும் நாட்களை எண்ணக்கூடாது. யாருக்கும் வயது ஏறாது. யாரும் யார் வீட்டுக்கும் பெண் கேட்டுப் போகக்கூடாது.

கடைசி விதியை எதற்கு எழுதினேன் என்று அப்பா கேட்கவில்லை. மல்லாட்டையைத்தான் கேட்டார்.

காகிதத்துக்கு நான் வைத்திருந்த வழி, எண்ணெய்க் கடையில் இனாமாகக் கொடுக்கும் நாள்காட்டியில் கிழித்த தாள்கள்தான். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மூன்று வருடத் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றின் பின்பக்கத்தில் என் நாட்களைப் பெரிய எழுத்தில் எழுதி, தைத்து, சாமி படம் போட்ட அதே அட்டையில் கடை நாள்காட்டியின் மேலேயே, அதை மூடினாற்போல் கட்டித் தொங்கவிட்டேன். எங்கள் மண் சுவரில் இன்னொரு ஆணி நிற்காது. காலையில் இரண்டிலும் ஒவ்வொரு தாள் கிழிப்பேன். அடியில் இருந்ததைப் பார்த்து அம்மாவுக்கு நல்ல நேரம் சொல்வேன். மேலே இருந்தது எனக்கு.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் ஒரு நாளையும் தவறவிட்டதில்லை. முக்கியமான நாள் ஒன்று குறித்தால், அன்றிலிருந்து தாள்களை எண்ணிப் புரட்டி, அந்த நாளின் தாளில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். பொட்டு மேலே வந்தால் அன்றைக்குத்தான் அது. என் பரீட்சையும், அம்மை ஊசி போட வருகிற நாளும், சித்தியின் வளைகாப்பும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

ஆனி ஆறாம் தேதி அத்தை கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தாள். அப்பாவுக்குத் தங்கை முறை. ஒரு வரன் கொண்டுவந்திருந்தாள். பதினெட்டாம் தேதி வந்து பார்க்கிறார்களாம், அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிக்குத்தான் பேச முடியும் என்றாள். பாஸாகிவிட்டேன், காலேஜில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று நான் சொன்னதற்கு, “பாக்க வர்றாங்க, தூக்கிட்டா போப்போறாங்க?” என்றாள். அம்மா சிரித்தாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்பது எனக்குத் தெரியும். என் கூடப் படித்தவள் ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிற்று.

அத்தை போனதும் அம்மா அட்டையின் முன்னால் நின்று பன்னிரண்டு தாள்களை எண்ணிப் பொட்டு வைத்தாள். மேலே தொங்கியது என்னுடையது. அந்த அட்டையில் தொங்கிக்கொண்டு தினமும் கிழிபடுவதுதான் அவளுக்கு நாள்காட்டி. சந்தை மாதமும் கிணற்று மாதமும் அவளுக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் நான் பார்த்தேன். என் தறி மாதத்தின் ஒரு நாளில் சிவப்பாக இருந்தது. சொல்லியிருக்கலாம். தினம் ஒரு தாள்தானே கிழிக்கிறோம், சரியாகத்தான் வரும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு தாள் கிழித்தேன். ஒன்பதாம் நாள் காலேஜிலிருந்து அஞ்சலட்டை வந்தது. ஜூலை இரண்டாம் தேதி அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும். கடை நாள்காட்டியில் அது ஆனி பதினெட்டு.

என் கணக்குப்படி மலை உட்காரும் காலம் இன்னும் வரவில்லை. எட்டாவது மாதம் தொடங்கவே இல்லை. நானே போட்ட விதியை நானே மீறி, மலையை முன்னதாக உட்காரவைத்தேன். மேலே இருந்ததில் கிழிப்பதை நிறுத்தினேன். அடியில் இருந்ததை மட்டும் கிழித்தேன். அம்மா அந்த வாரம் விதை மல்லாட்டை உடைக்கும் வேலைக்கு விடிவதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தாள். விரலெல்லாம் தோல் உரிந்து, வந்ததும் படுத்துவிடுவாள். பதினேழாம் தேதி சாயங்காலம், பொட்டு வர இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று படுத்தபடியே கேட்டாள். நான் எழுந்து போய்த் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன்.

“நாலு தாள் இருக்குதும்மா.”

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். நான் காலேஜுக்குப் போனேன். வரிசையில் ஐந்து மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு முறை வாசல் பக்கம் நிழல் ஆடும்போதும் அம்மாதான் வருகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். இடம் கிடைத்தது. அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கப் பொறுக்காமல் வீடுவரை நடந்தேன்.

நடந்ததைப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அத்தையோடு ஐந்து பேர் வேனில் வந்து இறங்கியிருக்கிறார்கள். பூ, பழம், தட்டு எல்லாம் கையில். வீடு பூட்டிக் கிடந்தது. ஆள் அனுப்பி அம்மாவை அழைத்து வந்தார்கள். அவள் தலையெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு ஓடிவந்தாள். வீட்டில் பாலும் இல்லை, காபித் தூளும் இல்லை. பையனின் அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. “வரச் சொல்லிட்டு வீட்ட பூட்டிட்டு போற வழக்கம் எங்க பக்கம் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பூவையும் திரும்ப எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாராம்.

உள்ளே போனேன். அம்மா அட்டையின் முன்னால் நின்று தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் நாலு இருக்குதேடி. நான் எண்ணினது தப்பா?”

“தப்பா எண்ணிட்ட போலம்மா” என்றேன்.

ஆடி பிறந்தது. வரன் பேச்சு நின்றது. ஆகாத மாதமே இல்லாத ஒரு ஊரை உண்டாக்கியவள், ஆடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காலேஜுக்குப் போய்வந்தேன். வகுப்பில் கால் ஒரு இடத்தில் நிற்காது. கையில் பேனாவைத் திருகிக்கொண்டே இருப்பேன். விடுமுறைக்கு வந்த அப்பா, நான் படிப்பதில் அவருக்குச் சந்தோஷம் என்று மட்டும் சொன்னார். அம்மா நாள் தப்பாக எண்ணிவிட்டாள் என்பதைக் கேட்டு, “அவளா?” என்றார்.

அம்மா அதற்குப் பிறகு பொட்டு வைக்கவில்லை. தேதியை என்னிடம் கேட்டுவிட்டு, அதே தேதியைப் பக்கத்து வீட்டிலும் போய்க் கேட்பாள். ஒருநாள் கோழியை அடை வைத்தாள். கோழிக்கு இருபத்தொரு நாள் என்று சுவரில் கரிக்கோடு போடுவது அவள் வழக்கம். இந்தமுறை கோடு போடவில்லை. “இன்னிக்கு எத்தனாவது நாளுன்னு நீயே பாத்து சொல்லு. எனக்கு இப்பல்லாம் எண்ண வர்றதில்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வயதாகிவிட்டது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அவளுக்கு அப்போது நாற்பது கூட ஆகவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவள் கோழிக் கூடையின் முன்னால் குந்தியிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள்காட்டியையும் கீழே கொண்டுவந்து வைத்து, எது யாருடையது, எங்கே நிறுத்தினேன் என்று காட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். கோழியைத் தூக்கி முட்டைகளைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப நான் எண்ணினது சரிதான?”

“சரிதான்மா.”

“ஒரு நாள் கூட தப்பில்ல?”

“இல்லம்மா.”

அவள் முகத்தில் வந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. என்னைப் பார்க்காமலே பேசினாள். “அந்தப் பையனோட அம்மா இன்னும் என்னைத்தான் பேசிட்டு இருக்குது. வரச் சொல்லிட்டு ஏமாத்தினவன்னு. அவங்ககிட்ட போய் சொல்லு, நான் சொல்ல மாட்டேன்.”

ஆவணி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. அங்கே போய் நின்றால் விட்டுப்போன பேச்சு மறுபடியும் தொடங்கலாம். பொய்க்காரி என்று தள்ளிவிடவும் செய்யலாம். படிப்பு நிற்குமா என்று அம்மாவிடம் கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றாள். அப்பா வரட்டும், அவரிடம் நீயே கேள் என்றாள். பிறகு அறைக்குள் போய் அவளுடைய நல்ல புடவையை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினேன். இறங்கி, அத்தை வீட்டுக்குப் போகாமல், கடைத்தெருவில் விசாரித்து அந்த வீட்டை நானே கண்டுபிடித்தேன். பையனின் அம்மா வாசலில் வற்றல் பரப்பிக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்த்ததில்லை. யாரும்மா நீ என்று கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் பார்க்க வந்தபோது வீட்டில் இல்லாத பெண் நான்தான் என்று சொன்னேன்.