மூடிமேல் வைத்த பொட்டு

ஆயுத பூசை வந்தால் எங்கள் வீட்டு வண்டியில் பொட்டு வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். பானெட்டைத் தூக்கினால் பேட்டரிக்கு, ரேடியேட்டருக்கு, ஹாரனுக்குக்கூடச் சந்தனமும் குங்குமமும் உண்டு. பவர் ஸ்டீரிங் ஆயில் நிற்கிற சின்ன டப்பாவின் கருப்பு மூடி மட்டும் மூளியாக இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். என் நங்கையை நினைத்துப் பெருமையாகவும் இருக்கும்.

நங்கை என்றால் என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் சொல்வோம். கோபிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு வாழைத்தோப்பு. தோப்பு அண்ணன் பாடு, வண்டி நங்கை பாடு. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அந்தப் பழைய பிக்கப்பைக் கோயமுத்தூர் மார்க்கெட்டுக்கு அவரே ஓட்டி வருவார். நான் அப்போது அங்கே ஒரு மோட்டார் கம்பெனி ஆபீசில் வேலையில் இருந்தேன். சனிக்கிழமைகளில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் ஏறி ஊருக்குப் போவேன். லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி ஓட்டுவார். "ஸ்டீரிங்கப் புடிச்சாத்தான் அம்மணி எனக்கு நாளே விடியுது" என்பார். அது வாய்ப்பேச்சு இல்லை. ஓட்டாத நாளில் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட வண்டி ஒரு வருடம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. எங்காவது நிறுத்தி, எஞ்சின் ஆறி, மறுபடி கிளப்பினால் ஸ்டீரிங் கல்லாக இறுகிக்கொள்ளும். அதுவும் எல்லா நாளும் இல்லை, நினைத்த நாள்தான். சரி, ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம் என்று போனால், மெக்கானிக் ஆயிலைப் பார்த்துவிட்டு ஏறி ஒரு சுற்று ஓட்டுவார். பூ மாதிரி சுற்றும். "வண்டி ஜோரா இருக்குதுங்கக்கா." பெல்ட்டை மாற்றினார்கள், பம்பையே மாற்றினார்கள். ஊருக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

ஒருநாள் தோப்பில் பாரம் ஏற்றிக் கிளம்பியதுமே வாய்க்கால் பாலத்து வளைவில் ஸ்டீரிங் திரும்ப மறுத்து, வண்டி கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அண்ணன் ஆடிப்போய்விட்டார். "வண்டில ஒண்ணுமில்லைன்னு அத்தன பேருஞ் சொல்லிப்போட்டாங்க. உனக்குத்தான் தோள் விட்டுப்போச்சு. தீவாளி நோம்பி கழியட்டும், ஒரு டிரைவரப் போட்டுக்கலாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் நங்கை சண்டை பிடித்திருப்பார். அண்ணன் பயத்தில் சொன்னார், பாசத்தில் சொன்னார். அதை எப்படி எதிர்ப்பது? "என்ற தோளு எனக்குத் தெரியாதுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். லீவில் வந்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை திரும்பும்போது அவிநாசி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நங்கைக்குத் தெரிந்த கடை, பேச்சு நீண்டுபோனது. கிளம்பினால் ஸ்டீரிங் அசையவில்லை. நானாக இருந்தால் வண்டியை நாலு திட்டுத் திட்டி, மெக்கானிக்குக்குப் போன் போட்டிருப்பேன். நங்கை கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். "இரு அம்மணி. வண்டியப் பாக்கறவிங்க எல்லாரும் மொதல்ல என்ன பண்றாங்க?" என்றார். "ஆயில் இருக்குதான்னு பாக்கறாங்க" என்றேன். "அதுக்கு?" "மூடியத் தொறக்கறாங்க." உடனே நங்கை எஞ்சின் ஓட ஓட இறங்கிப்போய், பானெட்டைத் தூக்கி, அந்தக் கருப்பு மூடியில் காதை வைக்காத குறையாகக் குனிந்து, மெல்லத் திருகினார். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது டப்பா. எனக்கே கேட்டது. "இப்பத் திருப்பு" என்றார். ஓட்டத் தெரியாத நான் ஒற்றைக் கையால் திருப்பினேன்.

மூடியின் நடுவில் காற்று போய்வர ஊசிமுனை அளவு துளை ஒன்று இருந்திருக்கிறது. அதன்மேல் வருடா வருடம் சந்தனப் பொட்டு. ஆயிலும் புழுதியும் சேர்ந்து அது மெழுகாகி அடைத்துவிட்டது. பொட்டு வெடித்த நாளில் காற்றுப் போனது, அடைத்த நாளில் இறுகியது. மெக்கானிக் மூடியைத் திறந்த கணமே நோயும் தீர்ந்துபோனது, பாவம் அவர் எதைக் கண்டுபிடிப்பார்! பொட்டு வைத்தது யார்? நங்கையேதான். "அட என்ற சாமி, நானே உம்பட மூக்கப் பொத்திப்போட்டனே!" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் நங்கை. வேறு யாராவது என்றால் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அவர் துடைக்கவில்லை. மூடியை அப்படியே திருகி, வீட்டுக்கு ஓட்டிவந்து, எஞ்சின் நன்றாக ஆறும்வரை பொறுத்திருந்து, அண்ணனைக் கூப்பிட்டு ஸ்டீரிங் முன்னால் உட்கார வைத்தார். அன்றைக்குப் பொட்டும் வெடிக்காமல் நங்கை பக்கம்தான் இருந்தது. அண்ணன் எஞ்சினைக் கிளப்பித் திருப்பினார், பல்லைக் கடித்தார், ஸ்டீரிங் அசைவேனா என்றது. "ஏனுங் மாமா, உங்களுக்குந் தோள் விட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்தார் நங்கை. முழு பலத்தோடு திருப்பிக்கொண்டிருந்த அண்ணன் சடாரென்று ஒருபக்கமாகச் சாய்ந்தார். டிரைவர் போடும் பேச்சு அன்றோடு முடிந்தது.

போன ஆயுத பூசைக்கும் போயிருந்தேன். அதே வண்டிதான், இன்றும் நங்கைதான் ஓட்டுகிறார். சந்தனக் கிண்ணம் அண்ணன் கையில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், கருப்பு மூடிக்கு மேலே விரலை நிறுத்தினார். அப்புறம் திரும்பி, பக்கத்தில் தேங்காயோடு நின்ற நங்கையின் வலது தோளில், ரவிக்கைமேல், அந்தப் பொட்டை வைத்தார்.

"அட, போங் மாமா, புள்ளைங்க பாக்குது" என்றார் நங்கை. ஆனால் துடைக்கவில்லை.