முள்வேலிக்குள் ஒரு தாய்மாமன்

பாலிகே சந்தையில் கருவாடு விற்ற சொந்தாங்குக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. இருந்த ஒரே அண்ணன் ஹாலந்துக்காரர்.

ஆண் வாரிசு இல்லாத அவளுடைய அப்பா, சாவதற்கு முன் எருமை வெட்டி விருந்து வைத்து, பாதிரியார் ஹோக்ஸ்ட்ராவை சியாஹான் குலத்தில் தன் மகனாகச் சேர்த்துக்கொண்டார். பாதிரியார் அதை ஏதோ கௌரவப் பட்டம் என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டுப் போனார். தோபா ஏரிக்கரையில் யாரும் கௌரவத்துக்காக அண்ணன் ஆவதில்லை என்பது சொந்தாங்கின் மூத்த மகள் கல்யாணத்தன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தாய்மாமன் பங்கு என்று பன்றித் தாடையை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் அதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். மணமக்கள் தோளில் மாமன் போர்த்த வேண்டிய துணிக்குப் பதிலாக ஒரு ஜெபப் புத்தகம் கொடுத்தார். துணியால் ஆசி வரும் என்பது அஞ்ஞானம் என்று அடுத்த ஞாயிறு பிரசங்கமும் செய்தார். பக்தியில் யாருக்கும் சளைக்காத சொந்தாங், பிரசங்கத்துக்கு ஆமென் சொன்னாள். கோயிலை விட்டு இறங்கியதும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மூத்தவளுக்கு ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. அப்போது எங்களை ஆண்ட ஹாலந்துக்காரர்கள் முதலில் ஜெர்மன் பாதிரிமார்களைப் பிடித்து அடைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஜப்பான்காரர்கள் வந்து ஹாலந்துப் பாதிரிமார்களை அடைத்தார்கள். ஒரே ஆண்டவரைக் கும்பிட்டவர்கள் இப்படி முறைவைத்து உள்ளே போக, திருச்சபையை ஊர்க்காரர்களே நடத்த வேண்டியதாயிற்று. நன்றாகவே நடத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இளையவள் தியூருக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஜெரேமியாஸ் ஒரே பிடியாக நின்றார்.

"மாமன் துணி போடாம ஒரு கல்யாணம் பண்ணிப் பாத்தாச்சு. என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். மறுபடியுமா?"

"எங்க குலத்துல வேற ஆம்பளையே இல்லையா? ஒருத்தர நிக்க வச்சுக்கலாம்," என்றாள் சொந்தாங்.

"மாமன் உசுரோட இருக்கறப்ப அடுத்தவன நிக்க வைப்பியா? உங்க அண்ணன் செத்துட்டாரா, சொல்லு. இல்லேல்ல? அப்ப அவர் கையால துணி வரட்டும். இல்லன்னா பேச்ச இதோட விட்டுரலாம்."

சொந்தாங் பன்றி அடித்தாள். தாடையை வேகவைத்து வாழையிலையில் கட்டிக்கொண்டு, தியூரையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பாதிரிமார்களை அடைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வேலியோரம் காவலுக்கு நின்றவன் ஜப்பான்காரனின் சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் போலீஸ்காரன்.

"யாரும் பாக்கக் கூடாதுக்கா. உத்தரவு. திரும்பிப் போயிருங்க."

"சரி, போறேன். நீ என்ன குலம் தம்பி?"

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பவனும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னான். பெண்சாதி சியாஹான் என்பதும் வெளியே வந்தது.

"எங்க குலத்துல எத்தனாவது தலைமுறை அவ?"

"பதினஞ்சு."

"நாங்க பதினாலு. அப்ப உள்ள கெடக்குறாரே எங்கண்ணன், அவரு உனக்கு மாமனார் முறை."

காவல்காரன் முகம் கறுத்தது. பெண் கொடுத்த வீட்டாரை எதிர்த்துப் பேசினாலே குடும்பம் விளங்காது. இவன் போன வாரம்தான் அவரை வாளி தூக்கச் சொல்லி அதட்டியிருந்தான்.

"இத முன்னாடியே யாராவது சொல்லக் கூடாதா?" என்று முனகிக்கொண்டே உள்ளே போய், அவரைக் கையோடு கூட்டிவந்தான். "சீக்கிரம் முடிங்க மாமா," என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டான்.

பாதிரியார் பாதியாக இளைத்திருந்தார். சொந்தாங் இலையை வேலிக்கடியில் தள்ளினாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் பேசும் முதல் பேச்சு.

"உன் பங்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா?"

அவர் அங்கேயே உட்கார்ந்து இலையைப் பிரித்தார். தாடையைச் சுத்தமாகக் கடித்து முடித்தார். பிறகு தியூரையும் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையையும் பார்த்தார். அவர்கள் வந்த காரியம் புரிந்தது.

"எங்கிட்டத் துணி ஏதும்மா? ஒரே ஒரு போர்வைதான். அதுவும் ஓட்டை."

"நான் கொண்டாந்து உங்கிட்டக் குடுத்தா அது மாமன் துணி ஆகாது, அண்ணே."

அந்த மலைக்காற்றில் போர்வை இல்லாமல் படுப்பது விளையாட்டல்ல. அவர் உள்ளே போய் அதை எடுத்துவந்தார். வேலிக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டி, மணமக்கள் இருவர் தோளையும் சேர்த்துப் போர்த்தினார். ஜெபம் செய்ய வாயெடுத்தார்.

"ஜெபம் கோயில்ல பண்ணிக்கலாம். சொல்ல வேண்டியதச் சொல்லு."

பதினேழு ஆணும் பதினாறு பெண்ணும் பெற்று வாழ வேண்டும் என்ற அந்தப் பழைய வாழ்த்தை அவர் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். வருஷக்கணக்கில் அதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர் என்பதால் மனப்பாடமாக இருந்தது.

"மூத்தவளுக்கும் சேத்து," என்றாள் சொந்தாங். இன்னொரு தடவை சொன்னார்.

சாயங்காலம் ஜெரேமியாஸ் போர்வையை விரித்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"அவரு கையாலயே போட்டாரா?"

"அவரு கையாலதான்."

"ராத்திரிக் குளிருக்கு என்ன பண்ணுவாரு பாவம்?"

"தாய்மாமன்னா சும்மாவா?" என்றாள் சொந்தாங். ஜெரேமியாஸ் போர்வையை மடித்துப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு, கல்யாணத் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.